தளிப் பக்கத்து மான் பாறை: போகாமலே ‘போலி’ என்று எழுதிய கதை

வழக்கமாக நான் ஓர் இடத்துக்குப் போய்விட்டு வந்து எழுதுவேன். இந்த முறை எழுதிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அதனால் இது பயணக் கட்டுரையா, மன்னிப்புக் கடிதமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வலைப்பதிவுக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எட்டு மணி நேரம் லென்ஸ் வைத்து இரும்பில் கீறல் தேடுவதுதான் வேலை. வார விடுமுறையில் நடுகல், பாறைக் கீறல் என்று கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க அலைவேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அங்கே இருக்கும் அம்மாவுக்கு இந்த அலைச்சல் இன்னும் புரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. ஒரு பாறையில் நான்கு மான்கள், வில்லோடு ஒரு மனிதன். ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமை’ என்று கீழே எழுதியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. கொத்திய புள்ளிகள் கார்பைடு முனை வைத்த உளியின் தடம் போலத் தெரிந்தன. அந்த உளி அந்தக் காலத்தில் ஏது? ‘யாரோ பொழுது போகாமல் கொத்தியது, ஐந்து வயதுகூட இருக்காது’ என்று இங்கே நான்கு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு பின்னூட்டம் வந்தது. ‘நீங்க வந்து பாத்தீங்களா?’ என்ற ஒரே கேள்வி, கீழே ஒரு தொலைபேசி எண். கூப்பிட்டேன். எடுத்தவர் சாவித்திரம்மா, பாறைக்கு அடுத்த நிலத்தில் பீன்ஸும் தக்காளியும் போடுகிறவர்.

“மேடம், பாறைய ஒடச்சி ரோடு போடணும்னு குடோன் கட்டறவங்க கேட்டிருக்காங்க. அது எங்க ஊர் சாமி, பழைய கல்லுன்னு நாங்க மனு குடுத்தோம். அவங்க உங்க எழுத்த பிரிண்ட் போட்டு தாசில்தார் ஆபீஸ்ல குடுத்துட்டாங்க. ஓசூர் எக்ஸ்பர்ட்டே போலின்னு சொல்லிட்டாங்களாம். திங்கக்கிழம விசாரணை.”

நான் எக்ஸ்பர்ட் இல்லை அக்கா என்றேன். “அத எங்ககிட்ட சொல்லி என்ன பண்றது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை 7.10க்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் தளி டவுன் பஸ் பிடித்தேன். தூரம் சுமார் 27 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம் ஆயிற்று. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆண்களுக்கு 23 ரூபாய் என்று கண்டக்டர் சொன்னார். எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓசூருக்குப் போய்க்கொண்டிருந்தன. பாதி வழி தாண்டியதும் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள் தொடங்கிவிடும். தளியில் இறங்கும்போது காற்று சில்லென்று இருந்தது, ஒரு சால்வை கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இட்லி நாற்பது ரூபாய், டீ பன்னிரண்டு. கடைக்காரர் என்னிடம் தமிழிலும் பக்கத்து மேசைக்குக் கன்னடத்திலும் உள்ளே சட்னி அரைத்தவரிடம் தெலுங்கிலும் பேசினார். பன்னிரண்டு வருடத்தில் எனக்கு இன்னும் ஒன்றுதான் ஒழுங்காக வருகிறது.

அங்கிருந்து ஆட்டோ. ஆறு கிலோமீட்டருக்கு 200 கேட்டு 150க்கு இறங்கினார். போகிற வழியில், “அந்த மான் கல்லுக்கா மேடம்? அது டூப்ளிகேட்டாம். நெட்லயே போட்டிருக்காங்க” என்றார். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. மீதி வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆட்டோ நின்ற இடத்திலிருந்து பீன்ஸ் கொடிகளுக்கு நடுவே எண்ணூறு மீட்டர் நடை. சாவித்திரம்மா வரப்பில் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், “சாப்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். அது இன்னும் சங்கடமாக இருந்தது. அவர் கணவர் மாதேஷ் சற்றுத் தள்ளிச் சொட்டுநீர்க் குழாயைச் சரிசெய்து கொண்டிருந்தார். தலையாட்டினார், பக்கத்தில் வரவில்லை. தளி ரோட்டில் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் அவருக்கு வேலை.

பாறை ஆள் உயரம், லாரி நீளம். லென்ஸை எடுத்துக் கோட்டில் வைத்தேன். படத்தில் பார்த்தது சரிதான். புதுக் கொத்து, கார்பைடு உளி, பல இடங்களில் கல்மாவுகூடப் போகவில்லை. “இது போன வருஷத்துக் கொத்துதானே அக்கா?” என்றேன்.

“இல்ல, இந்த வருஷம். மாசி மாசம்.”

மறைக்கப் போகிறார் என்று எதிர்பார்த்தவள் நான். அவர் மறைக்கவே இல்லை. ஒவ்வொரு மாசியிலும் பூஜைக்கு முந்தின நாள், அந்த வருடம் முறை வந்த வீட்டுக்காரர்கள் உளி எடுத்து எல்லாக் கோட்டையும் ஒரு சுற்றுக் கொத்த வேண்டும். அதற்குக் கண் திறப்பது என்று பெயர். கோடு மங்கினால் மழை தப்பும் என்பது நம்பிக்கை. முன்பு கொல்லர் அடித்த உளி. இப்போது மாதேஷ் பட்டறையிலிருந்து கொண்டுவரும் உளி.

“அம்மி தேஞ்சா கொத்தறோமில்ல, அப்படித்தான். கொத்தினா அம்மி புதுசாயிடுமா?” என்று கேட்டார்.

ஆனால் எனக்குச் சந்தேகம் போகவில்லை. வருடா வருடம் கொத்துகிறார்கள் என்பதற்கு அவர்கள் வாய்மொழிதானே சாட்சி? அப்போதுதான் பாறையின் காலடியைக் கவனித்தேன். குழாய் போடுவதற்காக இரண்டு மாதத்துக்கு முன் பாறையை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்திருந்தார்கள். மான்களின் கால்கள் பழைய மண்மட்டத்துக்குக் கீழேயும் இறங்கியிருந்தன. மேலே வெள்ளையாக இருந்த கோடு, மண்ணுக்குள் இருந்த பகுதியில் பாறையின் பழுப்பு நிறத்திலேயே இருந்தது. புள்ளிகள் மழுங்கி விரலுக்குத்தான் தெரிந்தன. மண் மூடிய பிறகு எந்த உளியும் அங்கே எட்டவில்லை. எத்தனை வருடம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பாறையடியில் ஒரு சாண் மண் சேர்வதற்கு முன்பே வெட்டிய மான்கள் இவை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் பத்து நிமிடம் நீடித்தது. மூன்று மான்களுக்கும் வில்காரனுக்கும் கால் மண்ணுக்குள் போகிறது. இடது கோடியில் இருக்கும் நான்காவது மானுக்கு மட்டும் நான்கு கால்களும் பழைய மண்மட்டத்துக்கு ஒரு விரல் மேலேயே முடிந்திருந்தன. லென்ஸ் வைத்தேன். மேலே புள்ளிக் கொத்து இருந்தாலும், அடியில் நேர்க்கோடு. தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் படகு போல மெலிந்திருந்தது. வட்ட பிளேடு கல்லில் இறங்கி ஏறினால் அப்படித்தான் ஆகும். கல் அறுக்கும் கிரைண்டர் வேலை.

“அக்கா, இந்த மான யாரு போட்டது?”

சாவித்திரம்மா குழாய்ப் பக்கம் பார்த்தார். மாதேஷ் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வந்தார்.

“நாந்தான் மேடம். ரெண்டு வருஷம் முன்ன குடோன்காரங்க கல்லு நட்டு அளந்துட்டு போனாங்க. மூணு மான் இருந்தா ஒடச்சிடுவாங்க, நாலு இருந்தா கொஞ்சம் யோசிப்பாங்கன்னு நெனச்சிட்டேன்.” பிறகு, “அத மட்டும் எழுதாதீங்க” என்றார்.

சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எழுதினால் எதிர்த்தரப்புக்கு நானே இரண்டாவது முறையும் ஆயுதம் கொடுத்த மாதிரி. எழுதாவிட்டால், பார்த்ததை மறைத்த பரிசோதகர். தொழிற்சாலையில் இதற்கு வேலையே போகும். லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

முடிவெடுத்தவர் சாவித்திரம்மா. “எழுதட்டும். அவங்க ஆளு வந்து பாத்தா கண்டுபுடிக்க மாட்டானா? ஒண்ணு பொய்யின்னு அவங்க சொன்னா நாலும் பொய்யாயிடும். நாமளே சொல்லிட்டா ஒண்ணுதான் பொய்யி.”

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். போகாமலே எழுதினேன் என்பது, நான் தொல்லியல் படித்தவள் அல்ல என்பது, பள்ளத்தில் பார்த்த கால்கள், நான்காவது மான். கையெழுத்துப் போட்டு, ஓசூர் திரும்பியதும் அங்கே எடுத்த படங்களையும் அச்செடுத்து அனுப்பினேன். திங்கட்கிழமை எனக்கு ஷிப்ட், போக முடியவில்லை. மாலை நான்கு மணிக்குத்தான் சாவித்திரம்மா கூப்பிட்டார். அதிகாரி நான்காவது மானின் படத்தைக் கையில் எடுத்ததும், கேள்வி வருவதற்கு முன்பே, “இது எங்க வீட்டுக்காரர் போட்டது. மத்தது எங்களுது இல்ல” என்று சொல்லிவிட்டாராம். தொல்லியல் துறையிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை யாரும் பாறையில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஜெயித்ததாகச் சொல்ல முடியாது, உடையவில்லை, அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்கு: முடிவு தெரியும்வரை ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். இந்தப் பக்கம் எந்தப் பாறைக்குப் போனாலும் கோட்டில் சாக்பீஸ் பூசிப் படம் எடுக்காதீர்கள். பக்கவாட்டு வெயில் போதும்; காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை நான்கரைக்கு மேல். பள்ளம் தோண்டாதீர்கள். கோடு புதிதாக இருந்தால், கொத்தியது யார், ஏன் என்று பக்கத்து நிலத்துக்காரரைக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் நாலு வரியோடு தூங்கப் போயிருக்க மாட்டேன்.

நேற்று சாவித்திரம்மாவுக்கு இந்தப் பதிவைப் போனில் படித்துக் காட்டினேன். நான்காவது மான் வந்த இடத்தில் பின்னால் மாதேஷின் குரல் கேட்டது. “அவரு பேர போட்டுட்டீங்களான்னு கேக்கறாரு” என்றார். பேரெல்லாம் மாற்றித்தான் போட்டிருக்கிறேன் அக்கா என்றேன். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பழைய பதிவை அழித்துவிடட்டுமா என்றும் கேட்டேன்.

“இங்க அழிச்சா ஆபீஸ் பைல்ல அழிஞ்சிடுமா? இதையும் பிரிண்ட் போட்டு அனுப்புங்க மேடம். அவங்க கையில ஒண்ணு இருக்குது. எங்க கையிலயும் ஒண்ணு இருக்கட்டும்.”