பன்னிரண்டடித் திரையில் மாமன் மடி

அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். என் பிழைப்பே அந்த அவசரத்தில்தான். மதுரை காளவாசலில் சவுண்டு செட்டும் எல்இடி திரையும் வாடகைக்கு விடுகிறேன். பத்து நாள் முன்னால் வந்து சொல்கிற புண்ணியவான்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வரும். உனக்குக் கோபம் வராத விஷயம் எது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அதற்கும் கோபம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. பேரையூரிலிருந்து ஒரு பெண்.

"அக்கா, இன்னைக்குப் பத்தரைக்கு என் மகளுக்குக் காதுகுத்து. பெரிய திரை ஒண்ணு வேணும்க்கா."

"இன்னைக்கா? ஏம்மா, பத்திரிகை அடிக்கிறப்பத் தெரியலையா?"

அவள் அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவில்தான் விஷயம் வந்தது. அவளுடைய அண்ணன் லாரி ஓட்டுகிறவர். காதுகுத்துக்குச் சொந்தக்காரர்களை அழைக்கப் போன இடத்தில் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, காளவாசலில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வேனில் படுக்கவைத்தாவது கூட்டிவந்துவிடலாம் என்றிருந்தார்கள். விடியக்காலையில் டாக்டர் முடியவே முடியாது என்றுவிட்டார். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது.

"சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திரலாம்ங்கிறாங்க. எங்கப்பா போனதும் படிப்ப விட்டுட்டு லாரி ஏறி என்னையப் படிக்க வச்சது எங்கண்ணந்தான்க்கா. அவரு மொகங்கூடத் தெரியாம எம்பிள்ளைக்குக் குத்தவா? அவரு கட்டில்லருந்து பாத்தா உங்க கடை போர்டு தெரியுதாம். நம்பர் குடுத்ததே அவருதான்."

கோபம் போன இடம் தெரியவில்லை. "அழாத தாயி, வாரேன்" என்றேன்.

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திட்டம் போட்டேன். மேடையில் ஒரு கேமரா, ஆஸ்பத்திரியில் ஒரு போன், நடுவில் வீடியோ கால். திரையை வழக்கமாக நாலடி உயரத்தில் தூக்கிக் கட்டுவோம். அன்று மேடைத் தரையிலேயே நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். மாமனின் மடி திரையின் அடியில் வந்தால், அதற்கு முன்னால் ஒரு முக்காலி போட்டுப் பிள்ளையை உட்காரவைக்கலாம். பார்க்கிறவர்களுக்கு மாமன் மடியில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

பதினைந்து வருஷமாக என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "அக்கா, பின்னால இருக்கவனுக்குத் தெரியாதேக்கா."

"பின்னால இருக்கவனுக்கா காது குத்துறோம்? வண்டிய எடு!"

ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிறென்று இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். எழுப்பிக் கையில் போனையும் ஸ்டாண்டையும் திணித்தேன். "நானா?" என்றார். "நடந்து போற தூரந்தான? போங்க!" என்றேன்.

திருமங்கலத்தில் வேலையாட்கள் டீக்கு நிறுத்தச் சொன்னார்கள். விடவில்லை. எட்டரைக்குப் பேரையூர். ஜெனரேட்டரை இறக்கி, பலகை பலகையாகத் திரையை மாட்டி, ஒன்பதே முக்காலுக்கு இணைப்புக் கொடுத்தோம். பன்னிரண்டடி அகலத் திரையில் நடுவே ஒல்லியாக ஒரு கோடு மாதிரி படம் வந்தது. என் வீட்டு மனுஷன் போனை ஸ்டாண்டில் செங்குத்தாக மாட்டியிருக்கிறார்.

"ஏங்க, போனைக் குறுக்கால திருப்புங்க! உங்க பிள்ளைகளுக்கெல்லாம் என்னத்தத்தான் சொல்லிக் குடுக்குறீங்க?"

திருப்பினார். கட்டிலில் சாய்ந்தபடி, பட்டுச் சட்டையும் தோளில் துண்டுமாக மாமன் வந்தார். சரி பார்ப்பதற்காக ஆபரேட்டரை முக்காலியில் உட்காரச் சொன்னேன். தொண்ணூறு கிலோ ஆள், தாடியும் மீசையுமாக மாமன் மடியில். "யோவ் மாப்ள, எந்திரி! எனக்கு இருக்கிறதே ஒரு கால்தான்" என்று திரையிலிருந்து சத்தம் வந்தது. வேலையாட்கள் சிரித்துச் சிரித்து வயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான்கூடச் சிரித்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது; இனிக் கவலை இல்லை என்று நினைத்தேன்.

அங்கேதான் கோட்டைவிட்டேன். நான் சரி பார்த்தது காலிப் பந்தலில். பத்தரைக்குத் தாய்மாமன் சீர் வந்தது. கொட்டு, வேட்டு, மாலை போட்ட கெடா, தலையில் தட்டுத் தட்டாகப் பழமும் பலகாரமும். ஊரே பின்னால் வந்தது. வந்தவர்கள் அத்தனை பேர் கையிலும் போன். ஒருத்தர் திருப்பூருக்கு லைவ், இன்னொருத்தர் சிங்கப்பூருக்கு லைவ். அந்த ஊர் டவர் எம்புட்டுத்தான் தாங்கும்? திரையில் மாமன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "நேரம் போகுது, சித்தப்பா மகனைக் கூப்பிடுங்க" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைக்தான் கையில் இருந்தது.

"எல்லாரும் போன்ல நெட்டை ஆஃப் பண்ணுங்க! பிள்ளைக்கு மாமன் வேணுமா, உங்களுக்கு ஸ்டேட்டஸ் வேணுமா? ஏய், செவப்புச் சட்டை, உன்னியத்தான்!"

கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். "எங்கிட்டு அமுக்கணும்னு தெரியலயே ஆத்தா" என்று ஒரு கிழவி போனை உயர்த்திக் காட்டினார். ஆபரேட்டர் பந்தலுக்குள் ஓடி வரிசை வரிசையாக அமுக்கிவிட்டு வந்தார். திரையில் படம் சிலிர்த்தது. மாமன் வாயை மூடினார், சிரித்தார். பந்தலே விசிலடித்தது. அந்தப் பெண் மூன்று வயது மகளைத் தூக்கி அண்ணன் மடிக்கு முன்னால் உட்காரவைத்தாள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளையைப் பிடித்துக்கொண்ட மாதிரியே இருந்தது.

ஆசாரி குத்தினார். பிள்ளை வீல் என்றது, குலவை எழுந்தது. மாமனோ சிரித்துக்கொண்டே இருக்கிறார். மறுபடி நின்றுவிட்டதோ என்று ஆபரேட்டரைப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: இங்கே நடப்பது அங்கே போய்த் திரும்பி வர நாலு விநாடி ஆகிறது. பந்தல் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது.

முகம் கோணியது. "வலிக்குதாடா தங்கம்" என்று அத்தனை பெரிய மனுஷன் வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அதற்குள் பிள்ளை அழுது முடித்து, வாயில் வெல்லத்தோடு திரும்பியது. அண்ணாந்து அந்தப் பெரிய முகத்தைப் பார்த்தது. திரையில் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தது.

"அழாத மாமா, முடிஞ்சிருச்சு."

அது அவரிடம் போய்ச் சேர இன்னும் சில விநாடி இருந்தது. பந்தலே மூச்சுவிடாமல் காத்திருந்தது.