வெள்ளச் செய்தியும் எலிக்காய்ச்சலும்

முதலில் கெண்டைக்கால் வலித்தது. குத்தாலம் முழுக்க சைக்கிள் மிதித்துச் செய்தி சேகரிப்பவனுக்குக் கால்வலி ஒரு நோயா என்று விட்டுவிட்டேன். மறுநாள் காய்ச்சல். கண்கள் சிவந்தன. சிறுநீர் குறைந்து, பிறகு நின்றே போனது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருத்துவர் ஓர் இளம்பெண்.

"வயல் வேலைங்களா?"

"இல்லைங்க, பத்திரிகை நிருபர்."

"அப்புறம் எப்படி? தேங்கின தண்ணியில இறங்கினீங்களா?"

இறங்கினேன். வெள்ளத்தில் சம்பா மூழ்கியிருந்தது. புதிய தொலைக்காட்சிகள் போட்டிக்கு வந்துவிட்ட காலம். 'கரையில நின்னு எடுக்காதீங்க, உள்ள போங்க' என்றது பத்திரிகையின் திருச்சி அலுவலகம். காலில் வெட்டுக்காயத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று படம் எடுத்தேன்.

லெப்டோஸ்பைரோசிஸ் (எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல்) சிறுநீரகங்களைத் தாக்கியிருந்தது. டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கினார்கள்.

என் மனைவி நூர்ஜகான் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாள். முகம் இறுகியிருந்தது.

"நீங்க அவங்க ஆளே இல்லையாம். பகுதிநேரமாம். காய்ச்சலும் பகுதிநேரமாத்தான் வந்துச்சான்னு கேட்டுட்டு வச்சுட்டேன்."

கழுத்தில் டயாலிசிஸ் குழாயோடு சிரித்தேன். வலித்தது.

சிறுநீர் மறுபடி இறங்கத் தொடங்கியதும் துபாயிலிருந்து அவள் தம்பி பேசினான். "விசா அனுப்புறேன் மச்சான். கடையில உட்கார்ந்தா போதும்." அவன் அன்பில் குறையில்லை. ஆனால் துரத்தப்பட்டவனாக ஊரைவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நடக்க முடிந்ததும் திருச்சிக்குப் போய், என்னை ஊழியனாக ஏற்கச் சொன்னேன்.

"நீங்க எடுத்த வெள்ளப் படத்தை முதல் பக்கத்துல போட்டோமே, போதாதா?" என்றார் செய்தி ஆசிரியர்.

"போதாதுங்க. செத்திருந்தா அதையும் போட்டிருப்பீங்க."

அந்த வேலை அன்றோடு போயிற்று. வழக்குப் போடத் தொழிலாளர் துறைக்குப் போனேன். மயிலாடுதுறை, வலங்கைமான் நிருபர்கள், போட்டிப் பத்திரிகைக்காரர்கள்கூட, உடன் வந்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. நாங்களும் விடவில்லை. அடுத்த வெள்ளத்தில் முழங்கால் பூட்ஸ் தராத பத்திரிகைகளுக்கு எங்களில் ஒருவரும் படம் அனுப்பவில்லை. பூட்ஸ் வந்தது.

இதே காய்ச்சலோடு படுத்திருக்கும் நிருபரே, என்ன வேலை என்று மருத்துவர் கேட்டால் உரக்கச் சொல்லுங்கள். வேலையால் வந்த நோய் என்றே எழுதச் சொல்லுங்கள்.

இப்போது வேறொரு பத்திரிகைக்கு எழுதுகிறேன். உடம்பு பழைய உடம்பல்ல. மதியமானால் படு என்கிறது. முன்பெல்லாம் அச்சுக்குப் போகும் நேரம்தான் என் நேரம். நேற்று மதியம் செய்தி அவசரம் என்று கூப்பிட்டார்கள்.

"சாயங்காலம் தர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தேன்.