இரண்டு சூரியன் போட்ட உறை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருந்த வருடம் அது. நோன்பு மாதம். தென்மேற்குக் கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குத் திரும்பும் பகல் பஸ் ஒன்றில்தான் அது நடந்தது. பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பஸ் இருக்கையின் கிழிந்த உறை எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வீடு குறிஞ்சாக்கேணியில். வாப்பா கடலோரக் களப்பில் வலை போட்டு மீன் பிடிப்பவர். அவரும் உம்மாவும் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. எங்கள் வீட்டில் பேனை பிடித்த முதல் ஆள் நான்தான். அதனால் எழுத்து என்று ஏதாவது இருக்கிற எந்தக் காகிதமும் கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேரும். அதில் அதிகம் வந்தவை மருந்து உறைகள்.

எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் குளிசைகளைச் சின்னக் காகித உறைகளில் போட்டுத் தருவார்கள். மேலே மருந்தின் பெயர். கீழே காலைக்கு எத்தனை, இரவுக்கு எத்தனை என்று அவசரத்தில் எழுதிய எழுத்து. வாப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், இருந்தது. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் உம்மா மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே என்று, சிவப்புப் பேனையால் உறைகளில் படம் கீறி வைத்தேன். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. இரண்டு குளிசை என்றால் இரண்டு சூரியன். உம்மா அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, “இப்ப எனக்கும் வாசிக்கத் தெரியும்” என்று சிரித்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

கதை எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுவதும், பரவிவிட்டது. கிளினிக் முடிந்த பின்னேரங்களில் அயல்வீட்டுப் பெண்கள் உறைகளோடு வந்துவிடுவார்கள். “டொக்டர் மகன் நிக்கிறாரா?” என்று வாசலில் நின்று சிரித்துக்கொண்டே பகிடியாகக் கேட்பார்கள். எனக்கு உள்ளே குளிரும். யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. எல்லா உறையிலும் சூரியனும் பிறையும் கீறிக் கொடுத்தேன். அந்தக் குளிசைகள் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்று ஒரு நாளாவது யோசித்தேனா என்றால், இல்லை. எழுத்தை வாசிக்கத் தெரிந்ததை மருந்தே தெரிந்ததாக எடுத்துக்கொண்டேன்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் வாப்பா உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். “நோன்புக்கு இத எப்படிப் போடுற மகன்? கிளினிக்ல ஒருக்கா கேட்டுப் பாப்பமா?”

“அதுக்கு ஏன் வாப்பா ஒரு நாள மினக்கெடுத்துற? காலக் குளிசைய விடிய முன்ன சஹருக்குப் போடுங்க. இராக் குளிசைய நோன்பு திறந்து போடுங்க. அவ்வளவுதான்.”

வாப்பா சரியென்று உறையை அலுமாரியில் வைத்தார். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

முதல் வாரம் போயிற்று. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கை நடுங்குகிறது என்று இரண்டு தரம் சொன்னார். நோன்புக் களைப்பு என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார்.

பஸ்ஸில் போன அந்த நாள் விடியற்காலை, சஹர் சாப்பாட்டுக்கு எழும்பாமல் நாங்கள் எல்லோரும் அசந்து தூங்கிவிட்டோம். உம்மா பதறி எழுப்பியபோது நோன்பு தொடங்கும் பாங்கு சொல்ல நாலைந்து நிமிடம்தான் இருந்தது. வாப்பா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு ஒரு கோப்பை தண்ணீர் குடித்தார். நான் அலுமாரிக்கு ஓடி உறையை எடுத்து வந்து, இரண்டு குளிசையை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“வெறும் வயித்துலயா?” என்றார் உம்மா.

“சோத்த விட்டாலும் மருந்த விடக் கூடாது உம்மா.”

இவ்வளவு உறுதியாகச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்றைக்கு எனக்கு மாவட்டச் செயலகமான திருகோணமலைக் கச்சேரியில் ஒரு அத்தாட்சிப் பத்திரம் எடுக்கும் வேலை இருந்தது. “தனியப் போகாத, நானும் வாறன்” என்று வாப்பாவும் கிளம்பினார். பெருநாளைக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும். கச்சேரியில் வாசல் காவலாளியிலிருந்து வரிசையில் நின்றவர்கள் வரைக்கும், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், “மகன் கம்பசுக்குப் போறார்” என்று சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் யாரும் கூப்பிடவே இல்லையே என்று அவர் காதுக்குள் சொன்னேன். “கூப்பிடுவானுகள்” என்றார்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பஸ் ஏறினோம். வாப்பா யன்னல் பக்கம் இருந்தார். பஸ் நகரத்தைத் தாண்டி துறைமுகக் கடலோரமாக ஓடத் தொடங்கிய பிறகு, திடீரென்று முன் இருக்கையைத் தட்டினார்.

“நிப்பாட்டு! வலை கிடக்கு, நிப்பாட்டு!”

நான் திடுக்கிட்டுப் போனேன். களப்பில் காற்று அடிக்கும்போதுகூடச் சத்தம் போடாத மனுசர் அவர். எழும்பி நின்று முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்துத் தள்ளினார். பேச்சு குழறியது. கொண்டக்டர் நடுவழியால் வந்தார். நகரில் ஏறினதிலிருந்து எல்லோரோடும் பகிடி விட்டுக்கொண்டு, மூத்த முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் அவர்.

“என்ன காக்கா, நோன்பு நாளையிலேயே ஏத்திக்கொண்டு வந்திட்டீங்களோ?”

பின்னால் சிலர் சிரித்தார்கள். முன்னால் தொப்பி போட்டிருந்த ஒருவர் திரும்பி என்னை முறைத்தார். என் முகம் பற்றி எரிந்தது. வாப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டிய நான், அவருடைய கையைப் பிடித்து இழுத்து, “சும்மா இருங்க வாப்பா, மானம் போகுது” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று தெரியாத பார்வை.

அப்போதுதான் இரண்டு இருக்கை பின்னாலிருந்து ஒரு பெண் எழும்பி வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வாப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“இது குடி இல்ல. சேர்ட்டப் பாருங்கோ, தொப்பலா நனைஞ்சிருக்கு. கை ஐஸ் மாதிரிக் கிடக்கு. தம்பி, ஐயாவுக்குச் சீனி வருத்தமோ?”

“ஓம்.”

“குளிசை போட்டவரோ?”

“விடிய ரெண்டு.”

“சாப்பிட்டவரோ?”

“நோன்பு. சஹருக்கும் ஒரு பேரீச்சம்பழம்தான்.”

“கடவுளே” என்றவர், பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற மாதிரியான, வண்ணத்துப்பூச்சிப் படம் போட்ட போத்தல். “எனக்கும் இதே வருத்தம்தான். சீனித் தண்ணி இல்லாம நான் வெளியில வாறதில்ல. சீனி இறங்கிட்டுது இவருக்கு. உடன குடுக்க வேணும்.”

தொப்பி போட்டவர் எழும்பினார். “நோன்பு வாயில ஊத்தப் போறீங்களா தங்கச்சி?”

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. பஸ்ஸில் பாதிப் பேர் நோன்பாளிகள். அவர் என்னைப் பார்த்தார்.

“தம்பி, உங்கட வாப்பா. நீங்கதான் சொல்ல வேணும். ஆனா கெதியாச் சொல்லுங்கோ. இப்ப விழுங்குவார். மயங்கிட்டாரெண்டா வாயில ஒண்டும் ஊத்தக் கூடாது, பிறகு ஆஸ்பத்திரிதான்.”

வருத்தக்காரருக்கு நோன்பை விட அனுமதி உண்டு, பிறகு அதற்கு ஈடாகக் களா நோன்பு பிடிக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாப்பாவையும் எனக்குத் தெரியும். காய்ச்சலோடு வள்ளத்தில் போன நாளிலும் நோன்பை விடாதவர். போத்தலை வாங்கி அவர் உதட்டில் வைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டார். தலையை அங்குமிங்கும் ஆட்டினார். கண் மேலே சொருகப் பார்த்தது.

எனக்கு எங்கிருந்து அது வந்ததோ தெரியாது. அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

“வாப்பா, பாங்கு சொல்லிட்டாங்க.”

பட்டப்பகல். நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் எத்தனையோ மணி நேரம் இருந்தது. யன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது. வாப்பா தலையை மெல்லத் திருப்பினார்.

“சொல்லிட்டாங்களா?”

நான் போத்தலை மறுபடியும் அவர் உதட்டருகே நீட்டினேன். அப்போது தொப்பி போட்டவர் என் பின்னாலிருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஓம் காக்கா. சொல்லிட்டாங்க. திறங்க.”

வாப்பா அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னார். வாயைத் திறந்தார். மிடறு மிடறாகக் குடித்தார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விடிய அந்தக் குளிசையை விழுங்கியவர், அதே நம்பிக்கையில்தான் இதையும் விழுங்கினார். அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன்.

கொண்டக்டர் முன்னால் ஓடினார். “அண்ணே, இனி ஒரு இடமும் நிப்பாட்ட வேணாம். நேர கிண்ணியா ஆஸ்பத்திரி வாசலுக்கு விடுங்கோ!” அந்தப் பெண் டிக்கெட் எடுத்தது சீனக்குடாவுக்கு என்று கொண்டக்டர் பிறகு சொன்னார். பஸ் அதைத் தாண்டிப் போயிற்று.  அவர் வாப்பாவின் பக்கத்திலேயே இருந்து, தன் சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியே தண்ணீரில் வெயில் மின்னியது. நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். இனிப்புத் தெரிந்திருக்க வேண்டும்.

“வெயில் கிடக்கு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பாங்கு சொன்னதெண்டாய்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“என்னக் கோவிக்காதேங்கோ ஐயா, என்ர தண்ணிதான்” என்றார் அந்தப் பெண். வாப்பா அவரையும், என் கையிலிருந்த போத்தலையும், என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.  பிறகு என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். “ஒரு நோன்புதானே மகன். பிறகு பிடிக்கலாம்.”

கொண்டக்டர் தன் கையாலேயே வாப்பாவைத் தாங்கி இறக்கினார். “காக்கா, நான் கதைச்சதை மனசில வைக்காதீங்கோ” என்றபோது அவர் குரலில் பகிடி இல்லை. அந்தப் பெண்ணும் எங்களோடு இறங்கினார். விரலில் குத்திப் பார்த்த தாதி, “இப்பவும் குறைவாத்தான் இருக்கு, நல்ல நேரம் கொண்டு வந்தீங்க” என்று சொல்லி வாப்பாவைக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். நான் திரும்பி நன்றி சொல்லப் பார்த்தபோது அந்தப் பெண்ணைக் காணவில்லை. போத்தல் என் கையிலேயே இருந்தது.

முதலில் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். வாப்பாவைப் பற்றிச் சொல்லி முடித்த உடனே, எங்கள் ஒழுங்கையில் சீனி வருத்தத்தோடு நோன்பு பிடிக்கிற மற்ற இரண்டு வீடுகளுக்கும் அவரை ஓடச் சொன்னேன். அவர்களுக்கும் நான்தானே சூரியன் கீறிக் கொடுத்திருந்தேன். உம்மா திரும்ப அழைத்து, “ரெண்டு பேரும் சுகம், நாளைக்கே கிளினிக் போறாங்களாம்” என்று சொல்லும் வரைக்கும் நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நடந்துகொண்டே இருந்தேன்.

வாப்பாவை அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். சீனித் தண்ணீர் கொடுத்துத் தெளிந்துவிட்டதே என்று நான் நினைத்தேன். அந்தக் குளிசையின் வேகம் நெடுநேரம் உடம்பில் நிற்கும், சீனி திரும்பவும் இறங்கலாம் என்றார் டொக்டர். காலையில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் போய், அங்கிருந்த மருந்தாளரிடம் நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் உறையைத் திருப்பிச் சூரியன்களைப் பார்த்தார்.

“வடிவாத்தான் கீறியிருக்கிறீர். ஆனா தம்பி, குளிசைக்கு விடிஞ்சுதா இருண்டுதா எண்டு தெரியாது. நீர் சாப்பிட்டீரா எண்டும் தெரியாது.”

வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது, இந்தக் குளிசை அதைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பாடு வந்தால் அந்தச் சீனியை இன்சுலின் பார்த்துக்கொள்ளும், சாப்பாடே வராவிட்டால் இரத்தத்தில் இருக்கிற கொஞ்சச் சீனியையும் இறக்கிவிடும், மூளைக்குச் சீனி போதாமல் போனால் மனுசர் குடித்தவரைப் போல் ஆகிவிடுவார் என்று விளக்கினார். காலை என்று எழுதியது காலைச் சாப்பாட்டுக்காக. நோன்பில் அந்தச் சாப்பாடே இடம் மாறுகிறது. அதனால் அளவையும் நேரத்தையும் டொக்டர்தான் மாற்றித் தர வேண்டும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும், சிலருக்கு நோன்பே வேண்டாம் என்றும் சொல்வார்கள் என்றார். வாப்பாவுக்கு அந்த வருடத்து மிச்ச நோன்புகளை விடச் சொன்னார்கள். மாரி காலத்தில், டொக்டரிடம் கேட்டு, குளிசையின் அளவை மாற்றி, அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து முடித்தார்.

என்னைக் கம்பசுக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் நான் தேர்ந்தெடுத்தது மருந்தாளர் படிப்பை. இன்றைக்கு நானும் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உட்புறம் நிற்கிறேன். வாசிக்கத் தெரியாதவர்கள் வந்தால் இப்போதும் உறையில் படம் கீறுகிறேன். சூரியனோ பிறையோ கீறுவதில்லை, ஒரு சாப்பாட்டுக் கோப்பை கீறுகிறேன். நோன்பு மாதம் நெருங்கினால், “நோன்பு பிடிப்பீங்களா? அப்ப முதல்ல டொக்டரக் கண்டுட்டு வாங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

வண்ணத்துப்பூச்சிப் போத்தல் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பல தரம் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். சீனக்குடாவில் ஏறுகிற முகங்களை எல்லாம் பார்ப்பேன். அவரை இன்னும் காணவில்லை.

வாப்பா இப்போது களப்புக்குப் போவதில்லை. டொக்டர் அனுமதிக்கிற வருடங்களில் மட்டும் நோன்பு பிடிக்கிறார். பின்னேரம் எல்லோரும் கஞ்சிக் கோப்பையைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். பள்ளிவாசலில் பாங்கு கேட்கும். நான் பேரீச்சம்பழத்தை நீட்டுவேன். வாப்பா அதை வாங்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

“மெய்யாத்தான் சொல்லிட்டாங்களா மகன்?”

வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஆனால் நான் சொல்வதைக் கேட்டு ஒருவர் வாயைத் திறக்கிறார் என்றால் அதற்கு முன் நான் எத்தனை தரம் யோசிக்க வேண்டும் என்பதை, ஒவ்வொரு நோன்பிலும் அவருடைய அந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது.