வலையில் ஒரு கிழிசல்

ஊர்க் கால்பந்துத் திடலில், கோல்கம்பத்துக்குப் பின்னால் கமராவோடு குந்தியிருந்தேன். கோலுக்கு இன்னும் பழைய மீன்வலைதான். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

அன்று நான் அடித்த பந்து வலைக்குள் போய், கிழிசல் வழியாகப் பின்னால் பறந்தது. கோல் காத்தவன் நடுவரின் மகன். நடுவரான நசீர் மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "வெளியால போன பந்துடா." முப்பது வருடமாக அந்தச் சொல் எனக்குச் செரிக்கவில்லை.

இன்று அவர் நடத்தும் அணியின் பந்தும் அப்படியே கிழிசலால் பறந்தது. நடுவர் கோல் தரவில்லை. நசீர் மாமா மூச்சு வாங்க என்னிடம் ஓடிவந்தார்.

"தம்பி, உள்ளால போனதுதானே? படத்தக் காட்டுங்களன்."

படத்தில் பந்து வலைக்குள் தெளிவாக இருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"வெளியால போன பந்து, மாமா."