ஆறு நாளுக்கென்று நிறுத்திய குளிசையும் பதினாறு மைல் பயணமும்

வலிப்பு நோயாளியைக் கரவெட்டிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த ஜேர்மன் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி, கந்தசட்டியின் ஐந்தாம் நாள், என் தங்கை பூரணத்தை இந்த வழியால் கொண்டுபோனேன். போகவேண்டி வந்ததே என்னால்தான்.

பூரணத்துக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு. பட்டினத்து டொக்டர் கொடுத்த பினோபார்பிட்டோன் என்ற தூக்கக் குளிசையால் ஒன்றரை வருஷமாக அது எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் பகலிலும் கண் சொருகும். நான் பள்ளிக்கூட வாத்தியார். கோயிலில் புராணம் படிக்கும்போது பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்பவனும் நான்தான். முந்திய வருஷம் நான் பயன் சொல்லிக்கொண்டிருக்க, என் தங்கையே தூணில் சாய்ந்து குறட்டை விட்டாள். சனம் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

இந்த முறை விரதம் தொடங்கிய அன்றே குளிசைப் போத்தலை வாங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

"டொக்டர் ஒருநாளும் விடக்கூடாது எண்டவர், அண்ணை."

"ஆறு நாள்தானே. விரதத்திலை ஆரும் குளிசை விழுங்குவினமோ? முருகன் பாத்துக்கொள்ளுவார்."

நாலு நாள் கண் கொட்டாமல் இருந்து கேட்டாள். எனக்கு என்ன பெருமை! ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு, படிப்பின் நடுவில் விழுந்தாள். ஒன்று அடங்கி அறிவு திரும்புமுன் அடுத்தது வந்தது. யாரோ அவள் கையிலே சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மூன்றாவது வலிப்போடு நான் மாட்டுவண்டிக்கு ஆள் அனுப்பினேன்.

நெல்லியடிச் சந்திக்கு ஒன்றரை மைல். மழைச் சேற்றில் முக்கால் மணி நேரம் எடுத்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் பஸ் கிடைத்தது. ஆளுக்கு முப்பது சதம். பின் ஆசனத்தில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வல்லை வெளியில் மரமும் இல்லை, வீடும் இல்லை. தெருவின் இரு பக்கமும் தண்ணீர். அங்கே இன்னொரு வலிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து முன்னுக்குப் போய்விட்டார்கள்.

அது அச்சுவேலிச் சந்தையைச் சுற்றிப் போகிற பஸ் என்று ஏறும்போது நான் கேட்கவில்லை. சந்தையடியில் நிறுத்திவிட்டு சாரதி பீடி பற்றவைத்தான்.

"தம்பி, பெட்டை சாகப் போறாள், எடு!"

"உந்த வெங்காயச் சாக்கு ஏத்தாமல் போனால் முதலாளி என்னைச் சாக்காட்டிப் போடுவார், அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ."

இருபத்தைந்து நிமிஷம். அவன்மேல் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் உண்டு. நாலு நாள் போத்தலைப் பூட்டி வைத்தவன் இருபத்தைந்து நிமிஷத்துக்குக் கோபிப்பது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் கோபம் வருகிறது. கோப்பாய் தாண்டும்போது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மணி மூன்று பத்து.

டொக்டர் அதே மருந்தை ஊசியால் ஏற்றினார். வலிப்பு நின்றபின் ஒரு கொப்பியை எடுத்தார். தன்னிடம் வரும் வலிப்புக்காரருக்கு எவ்வளவு குளிசை, எத்தனை வலிப்பு என்று வருஷக்கணக்காக அதில் குறித்து வருகிறாராம்.

"உந்த மருந்து வலிப்பை மாத்திறதில்லை, அமத்தி வைச்சிருக்கிறது. மூளை அதுக்குப் பழகிப்போம். குறைக்கிறதெண்டால் மெல்ல மெல்லக் குறைக்கவேணும். சடாரெண்டு நிப்பாட்டினால் முந்தி இல்லாத வலிப்பெல்லாம் சேர்ந்து வரும். ஒவ்வொரு கந்தசட்டிக்கும் உப்பிடி எனக்கு ஆக்கள் வருகினம். ஆர் நிப்பாட்டினது?"

"அவள்தான், ஐயா. விரதமெண்டு தானாய் விட்டிட்டாள்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள்தான் பூரணம் கண் விழித்தாள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். நாக்குக் கொஞ்சம் தடித்தது. இன்றும் சில சொற்கள் அவளுக்குச் சட்டென்று வருவதில்லை. திரும்பும் பஸ்ஸில், வல்லை வெளிக்கு வந்தபோது மெதுவாகக் கதைத்தாள்.

"டொக்டர் என்னட்டையும் கேட்டவர், அண்ணை, ஆர் நிப்பாட்டினதெண்டு. நான்தான் எண்டு சொன்னனான்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"உங்களை ஏசுவாரெல்லே."

நானும் அதையேதான் சொன்னேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கங்கெட்டவன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: அச்சுவேலி சுற்றாத பஸ்ஸா என்று கேட்டு ஏறுங்கள். பெற்றோல் தட்டுப்பாட்டால் இப்போது மத்தியானத்துக்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. குளிசைப் போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். தூக்கம் கூடினால் டொக்டரிடம் சொல்லுங்கள். விரதமோ திருவிழாவோ, நீங்களாக நிறுத்தாதீர்கள். யார் நிறுத்தியது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். டொக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். கொப்பியில் இன்னும் பூரணத்தின் பெயரில்தான் குற்றம் இருக்கிறது. காலை ஆறேகாலுக்கு நெல்லியடியிலிருந்து நேர் பஸ் போகிறது. நான் இன்னும் அதில் ஏறவில்லை.