ரோமாபுரிச் சட்டப்படி என் தம்பி

என் தம்பியை எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு முறை விற்றிருந்தார்கள். மூன்றாவது முறை விற்க ஏற்பாடானபோது எனக்குப் பத்து வயது. ரோமாபுரிச் சட்டம் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால், அந்த தசரா விடுமுறையில் நான் ஒரு வேளைகூட ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடவில்லை.

விற்பது என்றால் தவிட்டுக்கு விற்பது. பிறக்கிற குழந்தைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போனால், அதற்குப் பின் பிறப்பதை யாராவது ஒரு பெண்ணிடம் ஒரு படி தவிட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். இது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை, எப்போதோ விலை போய்விட்டது என்று எமனிடம் கணக்குக் காட்டுகிற ஏற்பாடு. எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு குழந்தைகள் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டிருந்தன. அதனால் தம்பி பிறந்த கையோடு அவனை முறத்தில் கிடத்திப் பெரியம்மாவிடம் விற்றார்கள். பெரியம்மா நைனாவுடைய அண்ணன் மனைவி. திருப்பதியிலிருந்து இதற்காகவே எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு, முறத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பிறகு திரும்பி வந்து, "இது என் புள்ள. நீ வளத்துக் குடு" என்று சொல்லி அம்மாவிடமே கொடுத்தாள். அந்த நிமிஷத்திலிருந்து அம்மா தான் பெற்ற பிள்ளைக்குத் தானே வளர்ப்புத் தாய்.

நிறையப் பெற்று, பெற்றதெல்லாம் பிழைத்திருக்கிறவளிடம்தான் விற்பது வழக்கம். பிள்ளை இல்லாதவளிடம் போய் விற்கலாமா என்று ஊரில் முணுமுணுத்தார்களாம். "அக்கா ஒண்ணகூட பறிகுடுத்தது இல்லியே" என்றாளாம் அம்மா. பெரியம்மாவுக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்பதால் இதை யாராலும் மறுக்க முடியவில்லை.

தம்பிக்கு ஒரு வயதில் காமாலை வந்தது. இரண்டாவது முறையும் பெரியம்மாவுக்கே விற்றார்கள். அவனும் தேறிக்கொண்டான். எனக்கு இதிலெல்லாம் ஒரு கவலையும் இருந்ததில்லை. சண்டை வரும்போது "போடா தவுடு" என்று திட்ட வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

கவலையைக் கொண்டுவந்தவர் சோஷியல் சார். நான் புத்தூரில் இங்கிலீஷ் மீடியம் படித்தேன். தசரா முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. ஒவ்வொருவரும் பழங்காலத்து ஆள் ஒருவராக வேஷம் கட்டி, அவர் கதையை நின்று சொல்ல வேண்டும். சார் வருகைப் பதிவு வரிசையில் ஆள்களைப் பங்கு போட்டார். என் முறை வருவதற்குள் ராஜாக்கள் எல்லாம் தீர்ந்துவிட்டார்கள். "ராஜுலு அய்போயாரு" என்று தெலுங்கில் கையை விரித்துவிட்டு, எனக்கு ரோமாபுரியில் ஒரு பிரபுவைக் கொடுத்தார். மூன்று துண்டாகப் பெயர் வைத்திருந்த, படம்கூடக் கிடைக்காத ஆள்.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் எதைக் கொடுத்தாலும் கட்டம் போட்டு எழுதிப் பார்க்கிற புத்தி அப்போதே இருந்தது. பிரபுவுக்கு ஒரு கட்டம், மனைவிகளுக்கு இரண்டு கட்டம், பிள்ளைகளுக்கு நான்கு. முதல் மனைவிக்கு இரண்டு பையன்கள். அவளை ஏனோ விலக்கிவிட்டார். இரண்டாவது மனைவிக்கும் இரண்டு பையன்கள். மூத்த இருவரையும், வாரிசு இல்லாத வேறு இரண்டு பெரிய வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார். அங்கே அப்படித்தான் பழக்கமாம். பெரிய வீடுகள் பிள்ளைகளைக் கைமாற்றிக்கொண்டு உறவாகிக்கொள்ளும். தன் பெயரைச் சொல்ல இளையவர்கள் இருவர் போதும் என்று வைத்துக்கொண்டார். பிறகு ஒரு பெரிய யுத்தத்தில் ஜெயித்து, தோற்ற ராஜாவையே நகரத்துக்குள் நடத்திக்கொண்டு ஊர்வலம் வந்தார். அந்த ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு பையன் செத்துப்போனான், பின்னால் இன்னொருவன். உயிரோடு இருந்த இரண்டு பேருக்கும் வேறு வீட்டுப் பெயர். என் படத்தில் அவர் கட்டத்திலிருந்து கீழே இறங்கிய கோடுகளில் இரண்டை அடித்துவிட்டு, இரண்டைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டியிருந்தது.

தத்துக் கொடுக்கிற முறையைச் சார் வகுப்பில் நடித்தே காட்டினார். அந்த ஊரில் பிள்ளை மேல் தகப்பனுக்கு இருந்த பாத்தியதை லேசில் அறாதாம். ஒரு முறை விற்றால், வாங்கியவன் விடுவித்ததும் பிள்ளை தகப்பனிடமே திரும்பிவிடுவான். இரண்டாவது முறை விற்றாலும் அப்படியே. அதனால் தத்துக் கொடுப்பதற்கு முன், தராசைப் பிடித்துக்கொண்டு பொய்யாகவே மூன்று முறை விற்பார்கள். முதல் பெஞ்சுப் பையன்கள் இருவரை எழுப்பி, அளவுகோலைத் தராசாகப் பிடித்து, ஒருவனை இன்னொருவனுக்கு விற்றார் சார். வகுப்பே சிரித்தது. "மூடோசாரி அம்மேஸ்தே இங்க அந்தே" என்று முடித்தார். மூன்றாவது தடவை விற்றால் அவ்வளவுதான்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கு இரண்டில் நின்றிருந்தது.

விடுமுறை ஆரம்பித்தபோது தம்பி திருப்பதியில் ஆஸ்பத்திரியில் இருந்தான், அம்மாவும் அவனோடு இருந்தாள். மூன்று வயது. அந்த மழைக்காலம் முழுக்க அவனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அவனை வீட்டுக்கு அனுப்புகிற அன்று நைனா என்னையும் கூட்டிக்கொண்டு புத்தூரில் பஸ் ஏறினார். பஸ்ஸிலேயே பெரியப்பாவிடம் போனில் பேசினார். "இந்த வாட்டியும் தவுட்டுக்குக் குடுத்துரலாம் அண்ணா" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அங்கியே இருந்தா ஆஸ்பத்திரியும் பக்கம், நாளிக்கு ஸ்கூலும் பக்கம். அவளும் சரின்னுட்டா" என்றார். நான் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஸ்கூல் என்று கேட்டேன். கண்டக்டர் வந்ததும் நைனா டிக்கெட் வாங்கத் திரும்பிக்கொண்டார்.

பெரியப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவர்கள் குடித்தனம் அதே கட்டடத்து மொட்டை மாடியில் இரண்டு அறைகள். எனக்கு அங்கே கால் தரிக்கவில்லை. மாடிக்கும் ரிசப்ஷனுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். மாடிப்படியில் மொட்டைத் தலைகளும், பெட்டிகளும், லட்டு வாசனையும் ஓயாமல் மேலே போயின, கீழே வந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தம்பி பெரியம்மாவின் மடியில் ரசஞ்சாதம் தின்றுகொண்டு, கையில் ஊசி குத்தியிருந்த இடத்தை எல்லோருக்கும் பெருமையாகக் காட்டினான். அம்மா அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நம்மோடு எப்போது வருவான் என்று கேட்டேன். "வருவான்" என்றாள். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

பெரியப்பா மாட்டுத்தீவனக் கடையிலிருந்து ஒரு கவரில் தவிடு வாங்கிவந்து சமையலறையில் வைத்திருந்தார். தவிடு இல்லாமல் விற்பனை இல்லை. யாரும் பார்க்காதபோது நான் கவரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். லாட்ஜ் வாசலில் எப்போதும் நிற்கும் மாடு ஒன்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தின்றுவிட்டுக் கவரையும் நக்கியது. மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு பெரியவர் தெலுங்கில் என்னை மகாலட்சுமி என்று சொல்லித் தலையில் கை வைத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்து நான் மேலே ஏறி வந்தபோது, பெரியம்மா கோதுமை மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"கோதும தவுடு செல்லுமா அக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"வடக்கத்திக்காரங்க எல்லாம் கோதும தவுட்டுக்குத்தான் விக்கிறாங்க" என்றார் பெரியப்பா. லாட்ஜில் எல்லா ஊர்க்காரர்களும் வந்து தங்குவதால் அவர் எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் நம்புவார்கள். மாடு தின்ற தவிட்டைப் பற்றி யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பார்த்திருப்பார்கள் என்றே இப்போது நினைக்கிறேன்.

முறம் வந்தது. மூன்று வயதுப் பிள்ளை முறத்தில் அடங்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, படகு ஓட்டுவதுபோல் ஆடினான். பெரியம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முதல் இரண்டு விற்பனைக்கும் அவள் பட்டு கட்டியதாக யாரும் சொன்னதில்லை. தவிட்டுக் கிண்ணத்தை அவள் எடுத்தபோது நான் குறுக்கே போய் முறத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இது மூன்றாவது தடவை, இனிமேல் திரும்பி வர மாட்டான், சட்டம் அப்படி என்றேன்.

"எந்த ஊர் சட்டம்மே அது?" என்றார் பெரியப்பா.

ரோமாபுரி என்றேன்.

"ரோம்ல நம்ம ஆளுங்க யாரும் இல்ல பாப்பா. இது சித்தூர் ஜில்லா."

நைனா சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்ல மனப்பாடம் செய்திருந்த கதையை, மூச்சு வாங்காமல் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பிரபு, நான்கு பையன்கள், மூத்தவர்களைக் கொடுத்தது, இளையவர்களை வைத்துக்கொண்டது. "மூத்ததையா குடுத்தான்? மூத்தத குடுக்கக் கூடாதே" என்று பெரியப்பா நடுவில் பிரபுவைக் கண்டித்தார். வைத்துக்கொண்ட இரண்டும் செத்துப்போன இடம்வரை சொல்லி முடித்தேன். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். கொடுத்தால் திரும்பாது என்பதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவின் காதில் வேறு ஏதோ விழுந்திருக்க வேண்டும். அவள் முறத்தைப் பெரியம்மா பக்கம் மெல்லத் தள்ளினாள்.

பெரியம்மா தவிட்டைக் கொட்டவில்லை. கிண்ணம் கையில் அப்படியே இருந்தது. "குடுத்துட்டாங்களே அந்த புள்ளைங்க, அதுங்க பெத்தவள மறந்துடிச்சிங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்கிற பழக்கம் எனக்கு இன்றுவரை வரவில்லை. மறக்கவில்லை என்றேன். கொடுக்கப்பட்டவர்களில் ஒருவன் பின்னால் பெரிய ஆளானான். பெற்றவள் ஒதுக்கப்பட்டு, நல்ல துணி நகை இல்லாமல், விசேஷங்களுக்குக்கூட வெளியே வராமல் இருந்தாள். தத்து போன வீட்டில் தனக்கு வந்த நகை, வண்டி, பாத்திரம் எல்லாவற்றையும் அவன் அவளுக்கே கொடுத்துவிட்டான். அவள் அந்த வண்டியில் ஏறி ஊர் பார்க்கப் போனாள். இது சாருக்கு மிகவும் பிடித்த இடம் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"அப்ப வளத்தவளுக்கு?" என்றாள் பெரியம்மா.

"அது சார் சொல்லல."

கீழே தெருவில் ஜீப் டிரைவர்கள் மலைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி முறத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, தூக்கு என்று கையை நீட்டினான். யாரைப் பார்த்து நீட்டினான் என்று எனக்குத் தெரியாது. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். பெரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கினாள். வாசலைத் தாண்டவில்லை. அறைக்குள்ளேயே ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்து, அவனை அம்மாவின் இடுப்பில் உட்கார வைத்தாள். "இட்டுக்கினு போ" என்றாள்.

"அக்கா, நான் சரின்னுதானே சொன்னேன்" என்றாள் அம்மா.

"சொன்ன. நான்தான் வாங்கல. கோதும தவுடு செல்லாது."

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா அவரைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். மாடியிலிருந்து ரிசப்ஷன்வரை படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் குதித்து இறங்கினேன். என் பிரபு ஊர்வலம் வந்ததும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானமே கிளம்பினோம். பெரியம்மா கீழே இறங்கி வரவில்லை; புடவை மாற்றிக்கொண்டிருப்பதாகப் பெரியப்பா சொன்னார். அவரே பஸ்வரை வந்து, வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு துணிப்பையை உள்ளே திணித்தார். "எல்லாம் அவனுதுதான். ஊட்ல வெச்சிக்கினு இன்னா பண்றது" என்று நைனாவிடம் சொன்னார். நைனா அவர் கையைப் பிடித்தார். பஸ் நகர்ந்ததும் விட்டுவிட்டார்.

ரேணிகுண்டா வருவதற்குள் எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை. தம்பி அம்மாவின் தோளில் தூங்கிவிட்டான். பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் புதுச் சட்டைகள், கடை மடிப்புக் கலையாதவை. காலரில் நம்பர் தைத்திருந்தது. மேலே இருந்தது இருபது. அடுத்தது இருபத்திரண்டு. வரிசை மாறிக் கிடந்தவற்றையும் வெளியே எடுத்து, மடியில் நம்பர் வரிசையில் அடுக்கினேன். இரண்டிரண்டாக ஏறிய வரிசையில் ஒரு நம்பர்கூட விட்டுப்போகவில்லை. கடைசிச் சட்டை முப்பத்திரண்டு. விரித்துப் பிடித்தால் எனக்கே தொளதொளவென்று இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மாவுக்குத் தம்பியுடைய அளவுகூடத் தெரியவில்லை, கடைக்காரன் எல்லா சைஸையும் தலையில் கட்டிவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைகளை என் மடியிலிருந்து எடுத்து, நான் அடுக்கிய வரிசை கலையாமல் பைக்குள் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். பணம் வீணாகிவிட்டதே என்று வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, அடுத்த தடவை போகும்போது தம்பிக்கு இருபதாம் நம்பர்தான் சரி என்று பெரியம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.