முந்தாநாள் கரைத்த மாவு

என் மனைவி காலமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. காலை உணவை இப்போது நானே தயாரித்துக்கொள்கிறேன். தயாரிப்பது என்று சொல்வதே சற்று மிகை. முதல் நாள் மாலை கிண்டி வைத்த கேழ்வரகுக் கூழிலிருந்து ஒரு கட்டி எடுத்து, நீர் விட்டுக் கையால் கரைத்து, உப்பும் மோரும் சேர்த்து, இரண்டு சின்ன வெங்காயத்தோடு குடிக்கிறேன். அடுப்பு வேண்டாம்; ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த எளிமை எங்களுக்கு எவ்வாறு வாய்த்தது என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பட்டப்படிப்பை முடித்த கையோடு, ஜவ்வாது மலையில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு பள்ளிக்கு ஆசிரியனாகப் போனேன். அப்போது எங்களுக்குத் திருமணமாகி ஆறு மாதம். என் மனைவி கண்ணமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் இரு வீடுகளிலும் அரிசிச் சோறுதான். கூழ் என்பது வயலில் வேலை செய்வோருக்குக் காலையில் ஊற்றப்படுவது. அதுவரை நான் அதை வாயில் வைத்ததில்லை. அத்துடன் என்னிடம் சுகாதாரப் பாடம் ஒன்றும் இருந்தது. முதல் நாள் சமைத்ததில் கிருமிகள் பெருகும், புளித்தது வயிற்றுக்குக் கேடு, அவ்வப்போது சமைத்ததையே சூடாக உண்ண வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நடத்தினேன். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கூழ் குடித்துவிட்டு வந்தவர்கள். என் வீட்டிலும் அதுவே சட்டம்.

முதல் மழைக்காலத்திலேயே மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா, என்னைப் பிடித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், முற்பகலில், நடுக்கம் தொடங்கிவிடும். கலசப்பாக்கத்து மருத்துவர் ஒருவர் பன்னிரண்டு கொய்னா மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினார். போரினால் கொய்னா அரிதாகிவிட்டது, இவை தீர்ந்தால் வேறு இல்லை என்றும், தினமும் விடியற்காலையில் ஏதேனும் உண்ட பின்பே ஒன்றைப் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பன்னிரண்டிலும் காய்ச்சல் நிற்கவில்லையென்றால் டோலியில் தூக்கிக் கீழே கொண்டுபோக வேண்டியதுதான். அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வந்ததில்லை.

விடியற்காலையில் உண்பதற்கு எங்கள் வீட்டில் எதுவும் இராது. நான் விதித்த சட்டம் அப்படி. என் மனைவி இருட்டோடு எழுந்து நொய்க் கஞ்சிக்கு உலை வைப்பாள். விறகோ ஈரம். அவள் ஊதுகுழலை ஊதி ஊதி இருமுவதைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். கஞ்சி இறங்கும் முன் பொழுது ஏறிவிடும். நேரம் தவறுகிறதே என்று வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரை அப்படியே வெளியே வந்துவிடும். இவ்வாறு ஐந்து மாத்திரைகள் வீணாயின.

ஆறாம் நாள் இருமல் கேட்கவில்லை. கோழி கூவிய சற்றைக்கெல்லாம், ஆவி பறக்கும் பித்தளைச் சொம்போடு வந்து நின்றாள்.

“கேழ்வரகுக் கஞ்சிங்க. இப்பத்தான் காய்ச்சினேன்.”

“புளிக்குதே?”

“காய்ச்சக்கார நாக்குங்க. எல்லாம் அப்பிடித்தான் இருக்கும். குடிச்சிட்டு மாத்திரையப் போடுங்க.”

குடித்தேன். மாத்திரை வயிற்றில் தங்கியது. மறுநாளும் தங்கியது. சொம்பின் அடியில் சாம்பல் ஒட்டியிருந்ததைக் கண்டேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மழை ஓயாத அந்த வாரத்தில், ஈர விறகை எரிய வைக்க அவள் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். ஏழு மாத்திரைகளும் தீரும் முன்னரே நடுக்கம் நின்றது.

நான் எழுந்து வாசலில் உட்காரத் தொடங்கிய நாளில், பக்கத்து வீட்டு மலைக்காரப் பெண் ஒரு கட்டுக் கீரையோடு வந்தாள். என் மனைவியைவிட ஓரிரு வயது இளையவள். எங்களுக்குக் கேழ்வரகு மாவு கொடுத்தவளும் அவள்தான்.

“இன்னா வாத்தியாரே, எய்ந்து குந்திட்டீங்களா?”

“எல்லாம் இவ காய்ச்சற கஞ்சிதான். இந்த ஈர வெறகுல, விடியறதுக்குள்ள காய்ச்சிடறா.”

அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அதற்குள் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஈர வெறகுலயா? இன்னாக்கா, நீ இன்னும் சொல்லவே இல்லியா? வாத்தியாரே, நீங்க குடிச்சது கேவுரு கூழு! மாவு கரைச்சது முந்தாநாளு. கிண்டி வெச்சது நேத்து சாயங்காலம். காலைல கரைச்சு ஊத்தி, சொம்ப அடுப்புச் சுடுசாம்பல்ல பொதைச்சு, சூடு காட்டிக் குடுத்திருக்குது.”

அவள் விடுவதாக இல்லை.

“பழசுன்னா வெசம்னு பசங்களுக்குச் சொன்னீங்களாமே? அப்ப எங்க ஊர்ல ஒருத்தரும் உசுரோட இருக்கக் கூடாதே! வெசத்தக் குடிச்சிட்டு எப்பிடிக் குந்தினு இருக்கீங்க, பாருங்க.”

“சும்மா இருடி,” என்றாள் என் மனைவி.

அவள் போன பிறகு என் மனைவி சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

“சொல்லியிருந்தா குடிச்சிருக்க மாட்டீங்க. ஏழுதான் மீதி இருந்திச்சு.”

ஏழு மாத்திரைகளையும் என்னையும், என் படிப்பிடமிருந்து அவள் காப்பாற்ற வேண்டியிருந்தது.

“நாளைக்குச் சூடு பண்ண வேணாம்,” என்றேன். “மோர் ஊத்திக் குடு.”

நன்றி என்ற சொல்லுக்கு அதைவிட அருகில் அன்று என்னால் போக இயலவில்லை. மோர் சேர்ந்ததும்தான் கூழின் உண்மையான சுவை தெரிந்தது. சூடு காட்டினால் திரிந்துவிடும் என்று அதுவரை அவள் மோரே சேர்க்கவில்லை. சுகாதாரப் பாடத்திலும் அந்தப் பகுதியைத் திருத்தி நடத்தினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னர் எத்தனையோ ஊர்களுக்கு மாற்றலாகிப் போனோம். எந்த ஊரிலும் எங்கள் சமையலறையில் மாலைதோறும் இரண்டு பானைகள் இருந்தன: ஒன்றில் மறுநாள் காலைக்குக் கிண்டிய கூழ்; மற்றொன்றில் அதற்கடுத்த நாளுக்குக் கரைத்த மாவு.

அவள் இறந்தது ஒரு விடியற்காலையில். சமையலறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அவளுடைய தங்கை, இரண்டு பானைகளையும் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போனாள்.

“கொட்டாதம்மா,” என்றேன்.

“சாவு வூட்டுல ஆக்கினத வெக்கக் கூடாது மாமா. அதுவுமில்லாம இது பழசு. புளிச்சிருக்குது.”

“தெரியும்.”

தங்கை பானைகளை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் காலை, கிண்டியிருந்த கூழைக் கரைத்துக் குடித்தேன். அன்று மாலை, வாழ்நாளில் முதன்முறையாக, நொய்யை வேக வைத்து, அவள் கரைத்திருந்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டினேன். அவள் செய்வதுபோலவே, ஈரக் கையால் தொட்டு, ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே இறக்கினேன். அடி சற்றுப் பிடித்துவிட்டது. காலையில் மோர் ஊற்றிக் குடித்தேன். வயிற்றில் தங்கியது.

அன்று மாலை, டப்பாவிலிருந்து ஓர் ஆழாக்கு மாவை எடுத்து, நானே கரைத்து வைத்தேன்.